சால்வைக்குள் ஒலித்த மணி

வீணை பழகிய கைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வலது சுண்டுவிரல் சும்மா இருக்காது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாட்டைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது, அது பாட்டுக்கு ஓரத்தில் இருக்கும் தாளக் கம்பிகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். எட்டு வயதில் வந்த இந்தப் பழக்கத்துக்காகக் கல்கத்தாவில் நான் கேலிப்பேச்சு நிறையக் கேட்டிருக்கிறேன். அதே பழக்கத்தால்தான் பவானிபூரில் ஒரு கெட்டிக்காரரின் வாயை அடைத்தேன். தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன! நடந்தது நடந்ததுதான்.

கல்யாணமாகி நான் ரயில் ஏறியபோது என்னோடு வீணையும் ஏறியது. என் கணவருக்கு அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸ் உத்தியோகம். வீணையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். “நீ தூங்கிப் போயிடுவே, நான் பத்திரமா வெக்கறேன்” என்று சொல்லி மேல்பலகையில் வைத்தார். உருளாமல் இருக்கட்டும் என்று அதற்கு அண்டைகொடுத்து எங்கள் பித்தளை அண்டாவையும் ஏற்றினார். வண்டி குலுங்கிய குலுக்கலில் அண்டா சாய்ந்து வீணையின் குடம் பிளந்துவிட்டது. மனிதர் தங்கமானவர். நல்லது செய்யப் போய்த்தான் எப்போதும் எதையாவது செய்து வைப்பார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீணை தஞ்சாவூருக்கே ரிப்பேருக்குத் திரும்பிப் போயிற்று. இதோ ஆயிற்று, அதோ ஆயிற்று என்று கடிதம் வந்துகொண்டிருந்ததே தவிர வீணை வரவில்லை. இரண்டு வருஷம்! பதினான்கு வருஷம் ஒருநாள் விடாமல் வாசித்த கை எனக்கு. சமையல் முடிந்து, அவர் டிராம் ஏறிப் போன பிறகு, பவானிபூரில் நாங்கள் குடியிருந்த மாடி அறையில் உட்கார்ந்து வெறும் மடியில் விரலை ஓட்டிக்கொண்டிருப்பேன். சில நாள் அழுதும் இருக்கிறேன். பசி என்றால் வெளியே சொல்லலாம், இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர்கள், வங்காளிகள். அந்த வீட்டு மருமகளுக்கு என் வயதுதான். தெருவே அவளைப் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மத்தியானத்தில் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவோம். என் வங்காளம் அப்போது அரைகுறை. ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமா, நீ பேசறப்பக்கூட இந்தக் குட்டி விரல் தட்டிக்கிட்டே இருக்கே, இதுக்கு என்ன ஜுரமா?” என்று கேட்டாள். வீணையின் கதையைச் சொன்னேன். அவள் எழுந்து போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கிதாரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அது அவளுடைய கொழுந்தனுடையது. அவர் அலிப்பூர் கோர்ட்டில் புதிதாகச் சேர்ந்த வக்கீல். அந்த நாளில் கிராமபோன் பெட்டியைத் திறந்தால் ஹவாய்த் தீவுக் கிதார்தான் கேட்கும். கல்கத்தாவுக்கே அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. கிதாரை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, இடது கையில் ஒரு எஃகுத் துண்டைப் பிடித்துக் கம்பிமேல் வழுக்கிக்கொண்டு போவார்கள். வக்கீல் புதிது ஒன்று வாங்கிவிட்டதால் பழையது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கழுத்து கொஞ்சம் வளைந்த கிதார். கம்பியைத் தூக்கிக் கட்டி மேலே வழுக்குகிறவர்களுக்கு அதனால் ஒன்றும் இடைஞ்சல் இல்லை.

எங்கள் ஊரில் கோட்டுவாத்தியம் என்று ஒன்று உண்டு. அதிலும் விரல் பதிக்கும் மெட்டுக்கட்டை கிடையாது, ஒரு மரத்துண்டால் வழுக்குவதுதான். அதனால் எனக்கு இது புதுசாகவே படவில்லை. கம்பிகளை சட்ஜமும் பஞ்சமுமாகச் சேர்த்துக்கொண்டேன். ஒரே வாரத்தில் கை பேச ஆரம்பித்துவிட்டது. அடேயப்பா, அந்த முதல் வாரத்தை என்னவென்று சொல்வேன்! அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, எனக்குத் தெரியவே இல்லை.

ஆனால் சுண்டுவிரல்தான் மானத்தை வாங்கியது. கிதாரில் ஓரத்துத் தாளக் கம்பி ஏது? அது இல்லாத கம்பியைத் தேடித் தேடி, பக்கத்தில் எந்தக் கம்பி கிடைத்ததோ அதன்மேல் விழுந்து ஒலியை அமுக்கிவிடும். வக்கீல் ஒருநாள் சீக்கிரமே வீடு வந்தவர் மாடிப்படியில் நின்று இதைப் பார்த்துவிட்டார். சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.

“மாட்ராஜி பௌதி, கிதார் வாசிக்கறீங்களா, இல்ல கொசு அடிக்கறீங்களா?”

மதராஸ்காரி என்பதைத்தான் மாட்ராஜி என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் அதோடு விடவில்லை. கோர்ட்டில் அவருடைய சிநேகிதர் ஒருவர் இந்தப் பழைய கிதாரைக் கேட்டிருக்கிறாராம். பூஜை முடிந்து தசமியன்று வந்து எடுத்துப் போகிறாராம். “அதுவரைக்கும் விளையாடிக்குங்க” என்றார். விளையாட்டா! மறுபடியும் எனக்கு வெறும் மடிதானா?

கெஞ்ச எனக்கு வராது. கோபம்தான் வரும். “வக்கீல் பாபு, வாசிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட இருக்கட்டுமே. நான் என்ன செஞ்சு காட்டினா விடுவீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே போய்த் தன் புதுக் கிதாரைக் கொண்டு வந்து உட்கார்ந்தார். தோளில் இருந்த சால்வையை எடுத்து வலது கையின்மேல் போட்டுக்கொண்டார். விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. இடது கை எஃகுத் துண்டை நகர்த்தியது. கிதாரிலிருந்து மணி ஒலித்தது. கோயிலில் தீபாராதனைக்கு அடிக்கும் சின்னக் கைமணிதான், சந்தேகமே இல்லை. அந்த மணி ஒரே சுரத்தில் நிற்கவும் இல்லை. ஒரு முழு மெட்டையும் மேலும் கீழுமாக மணியாகவே வாசித்துவிட்டு, சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

“பவானிபூர்லயே இது எனக்கு மட்டும்தான் வரும். தசமிக்குள்ள இந்த மெட்டை மணியா வாசிச்சுக் காட்டுங்க. கிதார் உங்களுக்கே. அண்ணி சாட்சி.”

“சாட்சிதான். பின்னால வக்கீல் பேச்சுப் பேசக்கூடாது” என்றாள் பௌதி.

தசமிக்கு மூன்று மாதம் இருந்தது.

வீணைக்காரிக்கு எல்லா வித்தையும் இடது கையில்தான். கமகம், இழுப்பு, சுகம் எல்லாம் அங்கேதான் பிறக்கும். வலது கை மீட்டிவிட்டு அதே இடத்தில் இருக்கும், அதற்கு வேறு வேலை கிடையாது. ஆகவே மணியும் இடது கைக்குள்தான் ஒளிந்திருக்கிறது, சால்வை வெறும் பகட்டு என்று நான் முடிவு கட்டினேன். எஃகுத் துண்டை அழுத்திப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். ஒருநாள் கம்பியின் நட்டநடுவில் பட்டும் படாமலும் வைத்து மீட்டியபோது, டிங் என்று வந்தது பாருங்கள்! ஓட்டமாய் ஓடிக் கீழே போய்ப் பௌதியைக் கட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வக்கீல் கேட்டுவிட்டு, “இது எல்லாருக்கும் வரும். அடுத்த சுரத்தை மணியா வாசிங்க, பார்க்கலாம்” என்றார். துண்டைத் தள்ளி வைத்தேன். கம்பி தொண்டை கட்டியதுபோல் முனகியது. வேறு இரண்டு மூன்று இடங்களில் மணி இருந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. ஏழு சுரத்தில் முக்கால்வாசி ஊமை. அதை வைத்துக்கொண்டு எந்த மெட்டை வாசிப்பது? அவர் மீசையைத் தடவிக்கொண்டே போனார். அந்த மீசையைப் பிடித்து இழுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

ஒன்றரை மாதம் இப்படியே ஓடிற்று. கீழே அவர் தினமும் பூஜைப் பந்தல் கச்சேரிக்காக அதே மெட்டை அரைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கத்தில்கூட அது பாடமாகிவிட்டது.

ஒரு மத்தியானம், நல்ல மழை. வெறுத்துப்போய், மணியும் வேண்டாம் மண்ணாங்கட்டியும் வேண்டாம் என்று பழையபடி ராகம், தானம் என்று வாசிக்க உட்கார்ந்தேன். தானம் வேகமெடுத்தால் வீணைக்காரியின் சுண்டுவிரலை யாரும் பிடித்து நிறுத்த முடியாது. இடது கை மேல்சட்ஜத்துக்கு ஏறி நின்றது. வலது ஆள்காட்டி விரல் மீட்டியது. அதே நொடியில் சுண்டுவிரல் இல்லாத தாளக் கம்பியைத் தேடி, மீட்டிய கம்பியின்மேலேயே பட்டு விலகியது.

மணி!

முதலில் கீழே இருந்து வந்தது என்றுதான் நினைத்தேன். அவர் கோர்ட்டுக்குப் போயிருப்பது அப்புறம்தான் உறைத்தது. மறுபடியும் செய்தேன், வந்தது. எஃகுத் துண்டை அழுத்தித்தான் வைத்திருந்தேன், அது அசையவே இல்லை. வித்தை முழுவதும் வலது கையில். அதனால்தான் சால்வை! ‘அட திருடா’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஆனால் துண்டை ஒரு சுரம் கீழே இறக்கினால் மணி செத்துவிடுகிறது. என் வலது கை வழக்கம்போல இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிறகு பூக்கட்டும் நூலை எடுத்து வந்தேன். மேல்சட்ஜத்தில் துண்டு இருக்கும் இடத்திலிருந்து, கம்பி முடியும் கட்டை வரைக்கும் நூலை நீட்டி, இரண்டாக மடித்துப் பார்த்தேன். மடிப்பு விழுந்த இடம் எது தெரியுமா? சுண்டுவிரல் பட்ட அதே இடம். மீதிக் கம்பிக்குச் சரிபாதியில் தொட வேண்டும், அவ்வளவுதான். துண்டு கீழே இறங்கினால் பாதியும் இறங்கும். இடது கை ஒரு சாண் போனால் வலது கை அரைச் சாண் போக வேண்டும். தொட்ட சுண்டுவிரலை உடனே எடுத்துவிட வேண்டும், ஒரு இமைப்பொழுது தங்கினாலும் மணி அமுங்கிப்போகும்.

சொல்லச் சுலபம். பதினான்கு வருஷம் ஒரே இடத்தில் இருந்த வலது கையை நடக்கப் பழக்குவது இருக்கிறதே, அப்பப்பா! இடது கையைப் பார்த்தால் வலது தவறும், வலதைப் பார்த்தால் இடது தவறும். கடைசியில், ஒவ்வொரு சுரத்துக்கும் நூலை மடித்து, மடிப்பு விழும் இடத்துக்கு நேரே கிதாரின் ஓரத்தில் குங்குமத்தால் ஒரு புள்ளி வைத்தேன். மேல்சட்ஜத்தோடு சேர்த்து எட்டு சுரத்துக்கு எட்டுப் புள்ளி. சுண்டுவிரல் புள்ளிக்குப் புள்ளி தாவினால் போதும், இடது கையை நான் பார்த்துக்கொள்ளலாம். வக்கீல் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “மாட்ராஜிங்க எதை விட்டீங்க? கிதாருக்கும் பொட்டா!” என்றார். “ஆமாம், எங்க வழக்கம்” என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் வீட்டில் இருக்கும்போது நான் மணி வாசிப்பதே இல்லை, பௌதிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். அவளும் வாயைத் திறக்கவில்லை.

பூஜை வந்தது. அவர்களுக்குத் துர்கா பூஜை, எங்களுக்கு நவராத்திரி, நாட்கள் ஒன்றே. நவமியன்று எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை. புத்தகம், வாத்தியம் எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமியன்று காலையில்தான் எடுக்க வேண்டும், நடுவில் தொடக்கூடாது. வீணை இல்லாத வீட்டில் கிதாரை வைத்தேன். அன்று சாயங்காலம் தெருப் பந்தலில் வக்கீல் சால்வையைப் போட்டுக்கொண்டு மணி வாசித்தார். கூட்டம் ஆஹா என்றது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, “நாளைக்குக் காலையில என் சிநேகிதன் வர்றான். பொட்டை அழிச்சு வையுங்க” என்றார்.

தசமியன்று காலை குளித்துவிட்டுப் பூஜை அறைக்குப் போனேன். கிதாரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

அதன் உடம்பு முழுக்கச் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம். ஓரம் நெடுக, ஒரு விரற்கடை இடம் விடாமல், முப்பதோ நாற்பதோ பொட்டு! என் எட்டுப் புள்ளியும் அந்தக் கூட்டத்தில் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பக்கத்தில் என் கணவர் கை நிறையச் சந்தனத்தோடு, முகம் நிறையச் சந்தோஷத்தோடு நின்றார்.

“அய்யய்யோ, என்ன காரியம் பண்ணினேள்!”

“ஏன்? நீதான் ஓரத்துல பொட்டு வெச்சிருந்தே. பாதியில விட்டுட்டியேன்னு நான் ரொப்பினேன். சாயங்காலம் நீ பந்தலுக்குப் போயிருந்தப்போ ஆரம்பிச்சேன். நன்னா இருக்கோல்லியோ?”

ரயிலில் ஏறிய அண்டா என் கண்முன் வந்தது. வாய்வரைக்கும் வந்த வார்த்தையை விழுங்கினேன். ஏனென்றால் அதே நேரம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வக்கீல் வந்துவிட்டார். பின்னால் பௌதி. அதற்கும் பின்னால், கிதாரை எடுத்துப் போக வந்த சிநேகிதர், உறையைக் கையிலேயே வைத்திருந்தார். கீழே அவருடைய வண்டி காத்திருந்தது.

வந்தவர்களுக்கு என் கணவர் சுண்டல் கொடுத்தார். நான் பூஜையில் வைத்ததை எடுக்குமுன் செய்யும் புனர்பூஜைக்கு ஒரு பூவைப் போட்டுவிட்டு, கிதாரை எடுத்துத் துணியால் துடைத்தேன். சந்தனத்தோடு எல்லாப் பொட்டும் போயிற்று. வெறும் மரம். நூலை எடுத்து மறுபடி அளக்க நேரமும் இல்லை, அவர் முன்னால் அளக்கவும் முடியாது. இன்று தவறினால் உறைக்குள் போய்விடும், மறுபடியும் வெறும் மடி. பௌதியைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே ‘வாசி’ என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டேன். சிறுவயதில் வீணையின் மெட்டுக்கட்டைகளைப் பார்த்து வாசித்தால் கண்ணைத் துணியால் கட்டிவிடுவார்கள். அது நினைவுக்கு வந்தது. பார்க்காமல் வாசிக்கத்தான் இந்தக் கை பழகியது. புள்ளியை நம்பியது நேற்றைய பழக்கம், சுண்டுவிரல் எட்டு வயதுச் சொத்து. துண்டை மேல்சட்ஜத்தில் வைத்தேன். மீட்டினேன். சுண்டுவிரல் தானாகவே போய்த் தொட்டு விலகியது.

மணி அடித்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. இடது கை இறங்கியது, வலது கை அதன் பாதியாக இறங்கியது. அவர் மூன்று மாதம் கீழே அரைத்த அதே மெட்டு, முழுசாக, மணி மணியாக வந்தது. நடுவில் ஒரு சுரம் மட்டும் கொஞ்சம் மங்கியது, பொய் சொல்ல மாட்டேன். அடுத்த சுற்றில் அதையும் பிடித்துவிட்டேன். முடித்த கையோடு அடங்காமல் சரளி வரிசை முதல் வரிசையையும் ஆரோகணம் அவரோகணமாக மணியில் அடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

வக்கீல் வாயில் போட்ட சுண்டலை மெல்லாமல் இருந்தார். என் முகத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை, பாவம். பௌதி எழுந்து நின்று உலுலுலு என்று குலவையிட்டாள். அம்மனைத் தண்ணீரில் கரைக்கப் போகும் நாளில், தெருவே சோர்ந்து கிடக்கும்போது, எங்கள் மாடியில் குலவை! என் கணவர் ஒன்றும் புரியாமலே கைதட்டினார். எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. சந்தோஷமடா சாமி, அப்படி ஒரு சந்தோஷம்.

சிநேகிதர்தான் முதலில் எழுந்தார். கொண்டு வந்த உறையை என் பக்கத்தில் வைத்தார். “கிதார் இங்கே இருந்தா உறையும் இங்கேதானே இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, சுண்டல் பொட்டலத்தோடு படி இறங்கிப் போனார். நல்ல மனிதர்.

வக்கீல் மெல்ல நகர்ந்து என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். மீசையைத் தடவவில்லை. “நான் உள்ளங்கை ஓரத்தால தொடுவேன். என் மணி இவ்வளவு சுத்தமா வர்றதில்ல. நீங்க எதால தொடறீங்க? பௌதி, இன்னொரு தடவை வாசிங்க” என்றார். அன்றைக்குத்தான் ‘மாட்ராஜி’ போய் வெறும் பௌதியானேன்.

“வாசிக்கறேன், அதுக்கென்ன” என்றேன். புடவைத் தலைப்பை இழுத்து வலது கையின்மேல் நன்றாகப் போர்த்திக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.